ஒரு சூரியன், எல்லோருக்கும் ஒரே நிறம்

கேள்வி: ஒளியால் அறையை நிரப்பும் கலைப்படைப்புகள் செல்ஃபிக்கான அலங்காரம்தானே? அவை மனிதர்களை எப்படி நெருங்க வைக்கும்?

பதில்: செல்ஃபி எடுப்பவர்கள் எடுக்கட்டும், அதில் தப்பில்லை. ஆனால் 2003-ல் லண்டனின் டேட் மாடர்ன் கலை அருங்காட்சியகத்தில், டர்பைன் ஹால் என்ற பெரிய கூடத்தில் ஓலாஃபர் எலியாசன் என்ற கலைஞர் அமைத்த செயற்கைச் சூரியனை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். உண்மையில் அது அரை வட்டம்தான். சுமார் 200 விளக்குகள். கூரை முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி என்பதால் மீதிப் பாதியைப் பிரதிபலிப்பு நிரப்பியது. மெல்லிய பனிமூட்டம் வேறு. ஒற்றை அலைநீள மஞ்சள் ஒளியில் சிவப்புச் சட்டையும் நீலச் சட்டையும் நிறமிழந்து, எல்லோரும் மஞ்சளும் கறுப்புமாகத்தான் தெரிவார்கள். வந்தவர்கள் தரையில் மல்லாந்து படுத்து, உச்சியில் புள்ளியாகத் தெரிந்த தங்களைத் தேடிக் கையசைத்தார்கள். அப்புறம் கூட்டமாகச் சேர்ந்து, உடம்பாலேயே எழுத்துகளை உருவாக்கினார்கள். கடற்கரையில் வெயில் காயும் கூட்டத்துக்கு வரும் அதே நெருக்கம்!

ஜப்பானின் டீம்லேப் என்ற கலைக் குழுவுடைய சில படைப்புகளில், அசையாமல் நின்றால் அருகே ஒளிப்பூக்கள் ஏராளமாகப் பூக்கும். தொட்டாலோ நடந்தாலோ இதழ்கள் உதிரும். பக்கத்தில் நிற்பவரின் பூவுக்காக நாம் காலை மெதுவாக எடுத்து வைப்போமே, அதைத்தான் நெருக்கம் என்கிறேன்.

இப்படி ஒரு படைப்பைப் பார்க்கப் போனால், கைபேசியைப் பையில் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் அப்படியே நில்லுங்கள்.