மகளுக்கு ஏர் ரைபிள் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. பாரிஸ் ஒலிம்பிக்ஸில் மனு பாக்கர் பதக்கம் வாங்கியதைப் பார்த்ததிலிருந்து துப்பாக்கி சுடப் பழக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். ஆன்லைனில் ஐயாயிரம் ரூபாய்க்கே ஏர் ரைபிள் இருக்கிறது, லைசென்ஸும் வேண்டாம் என்கிறார்கள். பிறந்தநாளுக்கு ஒன்று வாங்கி, மொட்டை மாடியில் நானும் அவளுமாகப் பழகலாமா? எந்த மாடல் நல்லது?
(ஈரோட்டிலிருந்து ஒரு அப்பா)

பதில்: மாடலைப் பற்றி இப்போதைக்கு யோசிக்க வேண்டாம். மொட்டை மாடியை அடியோடு மறந்துவிடுங்கள்.

லைசென்ஸ் விஷயம் உண்மைதான். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்குக் குறைவான ஆற்றலும் உள்ள ஏர் கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் லைசென்ஸ் இல்லை என்பதை நம் ஊரில் பலரும் பொம்மை என்று எடுத்துக்கொள்கிறார்கள், எனக்குக் கவலையே அங்கேதான். திருவிழாவில் பலூன் சுடும் கடையில் பிடித்துப் பார்த்திருக்கிறோம், அதனால் பயம் போய்விட்டது. அதிலிருந்து வரும் பெல்லட் என்ற சின்ன ஈயக் குண்டு ஒரு கண்ணை நிரந்தரமாகப் போக்கிவிடும். குறி தவறினால் பல வீடுகளைத் தாண்டி எங்கேயோ போய் விழும், கைப்பிடிச் சுவரில் பட்டால் உங்களை நோக்கியே திரும்பி வரும். பக்கத்து மாடியில் யார் துணி காயப்போட வருகிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டா சுட முடியும்?

2021 டிசம்பரில் புதுக்கோட்டை நார்த்தாமலைப் பக்கம் நடந்தது நினைவிருக்கும். பயிற்சி மையத்தில் சுட்ட குண்டு, எங்கேயோ ஒரு வீட்டில் இருந்த 11 வயதுப் பையனின் தலையில் பாய்ந்து, சில நாளில் அவன் இறந்தே போனான். அது பாதுகாப்புப் படையினர் பயன்படுத்தும் பெரிய துப்பாக்கி, ஏர் ரைபிளோடு ஒப்பிடவே முடியாது, சரி. ஆனால் குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சுடக் கூடாது என்று எந்தக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்தாலும் எனக்கு அந்தப் பையன்தான் ஞாபகத்துக்கு வருகிறான்.

இன்னொன்றும் நடக்கும். வீட்டில் ஏர் கன் இருந்தால் பிள்ளைகளின் கண் முதலில் போவது காகிதத்தின் மேல் இல்லை, மரத்தில் உட்கார்ந்திருக்கும் கிளியின் மேல்தான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கிளி, மயில் போன்றவற்றைச் சுடுவது குற்றம். அருணாசலப் பிரதேசத்தில் பறவைகள் அழிந்துகொண்டே போவதைப் பார்த்துவிட்டு 2021-ல் ஏர் கன்களை ஒப்படைக்கும் இயக்கமே நடத்தினார்கள், ஜனங்களும் தாங்களாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இனி உங்கள் மகளின் ஆசைக்கு வருவோம், அது நல்ல ஆசை. மனு பாக்கர் சுட்டது 10 மீட்டர் ஏர் பிஸ்டல். 2008-ல் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது 10 மீட்டர் ஏர் ரைபிள், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் அதுதான். அந்த ரைபிள் குறிப்பலகையில் பத்துப் புள்ளி தரும் இடம் எவ்வளவு தெரியுமா? அரை மில்லிமீட்டர், பேனா முனையால் வைத்த புள்ளி அளவு. அதற்குத் தேவை வேகமான துப்பாக்கி இல்லை. மூச்சும் நிற்கும் விதமும் விரலும் பழகவேண்டும். நீங்கள் பார்த்த ஐயாயிரம் ரூபாய் ரைபிள் பெரும்பாலும் குழலை மடக்கி ஸ்பிரிங் ஏற்றும் வகையாக இருக்கும். மடக்கவே 11 வயதுப் பிள்ளைக்குக் கை வலிக்கும், சுடும்போது உதறும். ஆறு மாதம் அதில் பழகிவிட்டு கிளப்புக்குப் போனால், பழகியதை மறக்க வைப்பதிலேயே பயிற்சியாளருக்குப் பாதி நேரம் போய்விடும்.

அதனால் முதலில் கிளப். சென்னை, கோவை, மதுரையில் ரைபிள் கிளப்புகள் இருக்கின்றன, தனியார் அகாடமிகளும் இருக்கின்றன. உங்கள் பக்கத்தில் எது என்று விசாரியுங்கள். ஆனால் பணம் கட்டும் முன் ஒரு மாலை சும்மா போய் உட்கார்ந்து பாருங்கள், விளம்பரத்தில் இருக்கும் பதக்கப் படங்களை வைத்து முடிவெடுக்காதீர்கள். சுடாத நேரத்தில் ஒவ்வொரு துப்பாக்கியின் குழலுக்குள்ளும் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் ஒரு பாதுகாப்புக் கொடி செருகியிருக்கிறதா? யாராவது சுடுபவர்கள் நிற்கும் கோட்டைத் தாண்டி முன்னால் போனால் எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைக்கிறார்களா? ஒரு பையன் விளையாட்டாகக் குழலைப் பக்கத்தில் திருப்பினால் பயிற்சியாளர் அந்த நொடியே நிறுத்துகிறாரா, அல்லது சிரித்துவிட்டு விட்டுவிடுகிறாரா? பெல்லட் ஈயம் என்பதால் முடிந்ததும் பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார்களா, சுடும் இடத்திலேயே பிஸ்கட் சாப்பிடுகிறார்களா? பெல்லட்டைப் பல்லிடுக்கில் வைத்துக்கொள்ளும் பிள்ளையைப் பார்த்தும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

முடிந்தால் நீங்களும் அவளோடு சேர்ந்து அடிப்படை வகுப்பில் உட்காருங்கள். அப்பாவும் அதே விதிக்குக் கட்டுப்படுகிறார், அப்பாவின் விரலும் குறி பார்க்கும் வரை விசைக்கு வெளியேதான் இருக்கிறது என்று கண்ணால் பார்க்கிற பிள்ளைக்குத் தனியாக அறிவுரை தேவைப்படாது. வீட்டிலேயே ஆரம்பிக்கவேண்டும் என்றால் தீபாவளிக்கு வாங்கும் பொட்டு வெடித் துப்பாக்கி போதும்: யார் முகத்துக்கும் நேராக நீட்டக் கூடாது. அதை இந்த வருடமே கண்டிப்பாக்குங்கள்.

கேள்வி: என் பையன் எட்டு மாதமாக கிளப்பில் ஏர் ரைபிள் சுடுகிறான். சொந்தமாக வாங்கலாம் என்று கோச் சொல்கிறார். புதிய வெளிநாட்டு ரைபிள் இரண்டு லட்சத்துக்கு மேல் போகிறது. ஒருவர் பழையது பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். எடுக்கலாமா? வீட்டில் எப்படி வைப்பது?
(கோவையிலிருந்து ஒரு அம்மா)

பதில்: எட்டு மாதம் கழித்தும் ஆர்வம் குறையவில்லை என்றால் வாங்கலாம். பழையதும் தப்பில்லை, இந்த விளையாட்டில் நல்ல ரைபிள் பல கை மாறி உழைக்கும்.

ஆனால் ரைபிளில் இருக்கும் காற்று சிலிண்டரில் காலாவதித் தேதியைப் பாருங்கள். இது நான் பணம் கொடுத்துக் கற்றது. என் மகனுக்குப் பழைய ரைபிள் வாங்கியபோது மரக்கட்டையில் கீறல் இருக்கிறதா என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், சிலிண்டரைத் திருப்பிப் பார்க்கவில்லை. முதல் போட்டியில் கருவிகளைச் சோதிக்கும் மேசையிலேயே நிறுத்திவிட்டார்கள், சிலிண்டரின் காலம் முடிந்துபோயிருந்தது. விற்றவரைக் கேட்டால் 'நீங்கள் கேட்கவில்லையே' என்றார். பிள்ளை அழுதுகொண்டே வந்தான். அந்தச் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைக்கிறார்கள், கார் டயரில் இருப்பது இரண்டு சொச்சம்தான். அதனால்தான் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் பத்து ஆண்டு என்று கெடு வைக்கிறார்கள். தேதி முடியப்போகிறது என்றால் புதுச் சிலிண்டரின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். விலை பேசி முடிக்கும் முன் கோச் கையில் கொடுத்து ஒரு நாள் சுட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பில், விற்றதாக எழுதிக் கையெழுத்திட்ட தாள், விற்பவரின் அடையாள அட்டை நகல், மூன்றும் வேண்டும்.

ஜாக்கெட்டைப் புதிதாக வாங்காதீர்கள். கெட்டியான கான்வாஸும் தோலும் சேர்த்து உடம்புக்கு அளவெடுத்துத் தைப்பது அது, வளர்கிற பையனுக்கு ஒரு வருடத்தில் பத்தாமல் போகும். கிளப்பில் மூத்த பிள்ளைகளுடையதைக் கேளுங்கள். மாதச் செலவையும் கணக்குப் போடுங்கள்: ஒரு டப்பாவில் 500 பெல்லட், நாளுக்கு 60 சுட்டால் எட்டு நாள்தான் வரும்.

வீட்டில் பெட்டியோடு பூட்டி வையுங்கள். பெல்லட் வேறு அறையில், சாவி உங்களிடம். பெட்டி திறக்கும்போதெல்லாம் ஒரு பெரியவர் கூட இருக்கவேண்டும். பெல்லட் இல்லாமல் வெள்ளைச் சுவரைப் பார்த்து விசை இழுத்துப் பழகும் பயிற்சி நல்லது, போட்டி ரைபிளில் அதற்கென்றே வசதி உண்டு. ஸ்பிரிங் ரைபிளில் மட்டும் அப்படிச் செய்யக் கூடாது, உள்ளே உடையும். உறவினர் வந்தால் எடுத்துக் காட்டும் பழக்கம் வேண்டவே வேண்டாம். சித்தப்பா பையன் கேட்டான் என்று ஒரு முறை எடுத்துக் கொடுத்தால் எட்டு மாதம் கற்ற ஒழுங்கு ஒரே நாளில் போய்விடும்.

கேள்வி: மாமனார் வீடு தேனிப் பக்கம். தோட்டத்தில் பன்றி விரட்ட லைசென்ஸ் எடுத்த ஒற்றைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பார், மற்ற நாளில் பீரோ மேல் கிடக்கும். என் பையன்களுக்கு 7, 10 வயது. 'ஒரு தடவை தொட்டுப் பார்க்கட்டும், அப்புறம் அந்தப் பக்கமே போகமாட்டார்கள்' என்கிறார். தொடாதே என்று சொல்லி வளர்த்திருக்கிறேன், போதாதா?
(சென்னையிலிருந்து ஒரு அம்மா)

பதில்: போதாது. அமெரிக்காவில் 1988-லிருந்தே 'நில், தொடாதே, ஓடு, பெரியவரிடம் சொல்' என்று குழந்தைகளுக்குப் பாட்டு மாதிரி சொல்லித் தருகிறார்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லுங்கள். ஆனால் அதே நாட்டில் 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், 8 முதல் 12 வயதுப் பையன்களை ஓர் அறையில் விட்டு, டிராயரில் சுட முடியாதபடி செய்த நிஜக் கைத்துப்பாக்கியை ஒளித்துவைத்துப் பார்த்தார்கள். கண்டெடுத்தவர்களில் பெரும்பாலோர் கையில் எடுத்தார்கள், விசையை இழுத்தவர்களும் உண்டு. கையில் எடுத்தவர்களில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேற்பட்டோர் துப்பாக்கிப் பாதுகாப்பைப் பற்றி ஏற்கெனவே கேட்டவர்கள்தான். பத்து வயதுப் பையனின் கை வாக்குறுதிக்கு நிற்காது, பூட்டுக்குத்தான் நிற்கும்.

எனவே துப்பாக்கி பீரோவுக்கு உள்ளே, குழல் காலி என்று பார்த்த பிறகு. தோட்டா வேறு பெட்டியில், வேறு பூட்டில். சாவி சாமி படத்துக்குப் பின்னால் இருக்கக் கூடாது, எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்த இடம் தெரியும். மாமனார் இப்போதெல்லாம் தோட்டத்துக்கு அதை எடுத்துப் போவதில்லை என்றால், தேர்தலுக்கு மட்டும் இல்லாமல் மற்ற நாட்களிலும் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து வைக்க ஆயுதச் சட்டத்தில் வழி இருக்கிறது, அதைச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் மருமகளாகச் சொல்வதைவிட மகன் சொன்னால் அவருக்கு உறைக்கும். மே மாத லீவுக்குப் பெட்டி கட்டுவதற்கு முன்பே உங்கள் கணவரைப் போனில் பேசச் சொல்லுங்கள்.