அணியின் பெயர் தெரியும், விடைதான் எழுத வரவில்லை: ஆங்கிலத் தேர்வுக் கேள்வி பதில்

கேள்வி: மேடம், தேர்வுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. கையில் எண்பது ஆங்கில இலக்கிய அணிகளின் பட்டியல். எங்கே தொடங்குவது?

பதில்: பட்டியலை மூடி வையுங்கள். அடிக்கடி தலைகாட்டுபவை பதினைந்துக்குள் அடங்கிவிடும்: சிமிலி (உவமை), மெட்டஃபர் (உருவகம்), அனஃபோரா (வரிகளின் தொடக்கத்தில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவது), பேரலலிசம் (ஒரே அமைப்பில் அடுக்கிய தொடர்கள்), ஆன்டிதெசிஸ் (எதிரெதிர் கருத்துகளை அருகருகே வைப்பது), ஐரனி (சொல்வது ஒன்று, உணர்த்துவது வேறு), அல்யூஷன் (தெரிந்த கதையையோ ஆளையோ மறைமுகமாகச் சுட்டுவது) போன்றவை. தினம் ஒரு பத்தி எடுத்துப் படியுங்கள். எந்த வரி உங்களை நிறுத்துகிறதோ, அது ஏன் நிறுத்தியது என்று முதலில் யோசியுங்கள். பெயரை அப்புறம் தேடலாம். பெயரைக் கையில் பிடித்துக்கொண்டு வரியைத் தேடப் போனால், இல்லாத அணியெல்லாம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும்.

கேள்வி: அக்கா, சிமிலிக்கும் மெட்டஃபருக்கும் "லைக்", "ஆஸ்" மட்டும்தான் வித்தியாசமா?

பதில்: தமிழ் வகுப்பில் படித்ததை நினைத்துப் பாருங்கள். மதிமுகம் என்றால் மதி போன்ற முகம், உவமை. முகமதி என்றால் முகமாகிய மதி, உருவகம். ஒன்றில் இரண்டு பொருளும் தனித்தனியே நிற்கின்றன, மற்றதில் ஒன்றாகிவிடுகின்றன. "லைக்", "ஆஸ்" வெறும் அடையாளம்தான். "அவள் தம்பி அளவுக்கு வேகமாக ஓடுவாள்" என்பதை ஆங்கிலத்தில் சொன்னால் "ஆஸ்" இரண்டு தடவை வரும். ஆனாலும் அது சிமிலி ஆகாது. ஓடுகிற இருவரை ஒப்பிடுவது வெறும் அளவீடு. வேறு வேறு இனத்துப் பொருள்கள் சந்தித்தால்தான் அணி.

கேள்வி: மெட்டானமி, சினெக்டகி இரண்டும் குழப்புகின்றன.

பதில்: இரண்டும் ஆகுபெயர் பாடம்தான். "தலைக்கு ஒன்று கொடு" என்கிறோமே, உறுப்பைச் சொல்லி ஆளைக் குறிக்கும் சினையாகுபெயர், அது சினெக்டகி. "ஆல் ஹேண்ட்ஸ் ஆன் டெக்" என்பதில் கைகள் மாலுமிகளைக் குறிப்பதும் அப்படியே. "ஊர் சிரித்தது" என்றால் ஊர் மக்கள். "வெள்ளை மாளிகை அறிவித்தது" என்றால் அதிபர் தரப்பு. இங்கே உறுப்பு இல்லை, தொடர்பு மட்டும் இருக்கிறது. அது மெட்டானமி.

கேள்வி: மாதிரித் தேர்வில் சர்ச்சில் பேச்சு வந்தது. "ஆசிரியர் அனஃபோராவைப் பயன்படுத்தி வாசகரின் கவனத்தை ஈர்க்கிறார்" என்று எழுதினேன். பாதி மதிப்பெண்கூட இல்லை. அணி சரிதானே?

பதில்: அணி சரி. ஆனால் அந்த வாக்கியத்தை எந்தப் பேச்சுக்கும் ஒட்டலாம் என்பதுதான் சிக்கல்.

பேச்சையே பார்ப்போம். 1940 ஜூன் 4, பிரிட்டிஷ் நாடாளுமன்றம், பேசுபவர் பிரதமர் சர்ச்சில். ஜெர்மன் படை சூழ்ந்த பிரான்சின் டன்கர்க் கடற்கரையிலிருந்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் மீட்கப்பட்ட நேரம். நாட்டில் நிம்மதி, கூடவே அடுத்த படையெடுப்பு நம் மண்ணில்தானோ என்ற பயம். "வீ ஷல் ஃபைட்" திரும்பத் திரும்ப வருகிறது. எங்கெங்கே என்று விரல் வைத்துப் பாருங்கள்: கடல்கள், கடற்கரை, தரையிறங்கும் இடங்கள், வயல்கள், தெருக்கள், மலைகள். எதிரி ஒவ்வொரு படியாக உள்ளே வருகிறான்! நிலைமை மோசமாகிக்கொண்டே போகிறது, "போரிடுவோம்" மட்டும் அசையவில்லை. கடைசியில் "வீ ஷல் நெவர் சரண்டர்". "ஃபைட்" இருந்த இடத்தில் "நெவர்" வந்து உட்காருகிறது. அத்தனை தடவை கேட்டுப் பழகிய காதுக்கு அந்த மாற்றம் பளிச்சென்று தெரியும்.

இப்போது எழுதுங்கள்: "போர்க்களம் கடலிலிருந்து நாட்டின் உட்பகுதிக்கு நகர நகர, மாறாத 'வீ ஷல் ஃபைட்' பின்வாங்கினாலும் உறுதி குலையாது என்று அஞ்சியிருக்கும் மக்களை நம்ப வைக்கிறது." இதை வேறு எந்தப் பேச்சுக்கும் ஒட்ட முடியாது. எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்தையும் இப்படிச் சோதித்துப் பாருங்கள்.

கேள்வி: அலிட்டரேஷன் நம் மோனைதானே?

பதில்: நெருங்கிய உறவு. ஆனால் ஆங்கிலத்தில் எழுத்தை நம்பாதீர்கள், ஒலியைக் கேளுங்கள். "நீ" என்று ஒலிக்கும் முழங்காலுக்கான சொல் கே எழுத்தில் தொடங்கினாலும் "நைட்" என்ற இரவோடு சேரும். நகரத்தைக் குறிக்கும் "சிட்டி"யும் பூனையைக் குறிக்கும் "கேட்"டும் ஒரே எழுத்தில் தொடங்கினாலும் சேரா.

கேள்வி: என் மகள் கட்டுரையை ஈதோஸ், பேதோஸ், லோகோஸ் என்று மூன்று பத்தியாகப் பிரித்தே எழுதுகிறாள். சரியா?

பதில்: அரிஸ்டாட்டில் சொன்ன இந்த மூன்றும் (ஈதோஸ் பேசுபவரின் நம்பகம், பேதோஸ் உணர்ச்சி, லோகோஸ் தர்க்கம்) ஒரே வரிக்குள் சேர்ந்தே இருக்கலாம். முப்பது வருடம் வைத்தியம் பார்த்த ஒருவர் ஒரு குழந்தையின் மரணத்தைச் சொல்லும்போது நம்பகமும் உணர்ச்சியும் ஒன்றாகத்தானே வருகின்றன? பேச்சு எந்த வரிசையில் நகர்கிறதோ அந்த வரிசையிலேயே எழுதச் சொல்லுங்கள். தொடக்கத்தில் என்ன செய்கிறார், எங்கே திரும்புகிறார், எங்கே முடிக்கிறார் என்று போனால் பத்திகள் தானாக அமையும்.

கேள்வி: ஐரனி வந்தால் கோட்டை விடுகிறேன். அயர்லாந்து எழுத்தாளர் ஸ்விஃப்டின் "எ மாடஸ்ட் ப்ரபோசல்" படித்து அதிர்ந்துபோனேன்.

பதில்: அதிர வேண்டியதுதான். 1729இல் வந்த அந்தக் கட்டுரையில், ஏழைகளின் கைக்குழந்தைகளை உணவாக விற்கலாம் என்று ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். அவர் ஸ்விஃப்ட் அல்ல, ஸ்விஃப்ட் படைத்த ஒரு குரல். "ஸ்விஃப்ட் பரிந்துரைக்கிறார்" என்று எழுதினால் விடை அங்கேயே சாய்ந்துவிடும். சொல்லப்படும் விஷயமும் சொல்லும் தொனியும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். விஷயம் கொடூரம், தொனியோ கணக்குப்பிள்ளையின் நிதானம். அந்த இடைவெளிக்குள்தான் அயர்லாந்தின் வறுமையைக் கண்டுகொள்ளாதவர்கள் மீது அவருக்கிருந்த கோபம் இருக்கிறது. அடுத்த முறை படிக்கும்போது தொனியைக் காட்டும் சொற்களுக்கு மட்டும் அடிக்கோடு போட்டு வாருங்கள்.