விசுவாசத்திலும் சுவிசேஷம் சொல்வதிலும் அனல் குறையாமல், சமரசம் செய்யாமல் கடைசிவரை நிற்பது எப்படி?

நீங்கள் எழுதியிருந்ததன் சுருக்கம் இது: இரட்சிக்கப்பட்ட புதிதில் பார்க்கிறவர்களிடமெல்லாம் இயேசுவைப் பற்றிப் பேசினீர்கள். இப்போது அந்த அனல் இல்லை. வேலை செய்கிற இடத்தில் கேலி, வீட்டில் எதிர்ப்பு. சுவிசேஷம் சொல்லப் பயமாகவும் இருக்கிறது. “கொஞ்சம் அனுசரித்துப் போனால் என்ன?” என்று விசுவாசிகளே கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வி உங்களுக்குள் எழுந்திருப்பதே நல்ல அடையாளம். வெளிப்படுத்தின விசேஷத்தில் வருகிற லவோதிக்கேயா சபைக்குத் தான் வெதுவெதுப்பாக இருப்பதே தெரியவில்லை. “எனக்கு ஒரு குறைவுமில்லை” என்று சொல்லிக்கொண்டிருந்தது. உங்களுக்குக் குறை தெரிகிறது, வலிக்கிறது. அங்கிருந்தே தொடங்கலாம்.

நான் விசுவாசத்துக்கு வந்து நெடுங்காலம் ஆகிறது. என்னோடு ஆரம்பித்தவர்களில் மேடையில் முழங்கிய சிலர் இன்று ஐக்கியத்துக்கே வருவதில்லை. அன்று அதிகம் பேசாமல் பின் வரிசையில் உட்கார்ந்திருந்த சிலர் இன்னும் தளராமல் நிற்கிறார்கள், ஆத்துமாக்களுக்காக இன்னும் அழுகிறார்கள். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். வேதத்தில் எனக்கு அதிகம் உதவியது லேவியராகமம் 6ஆம் அதிகாரம். பலிபீடத்து அக்கினி ஒருபோதும் அவிந்துபோகக் கூடாது என்கிற கட்டளை அங்கேதான் இருக்கிறது.

அந்த அக்கினியை ஆசாரியர்கள் மூட்டவில்லை. 9ஆம் அதிகாரத்தின் கடைசியில் பார்த்தால், அது கர்த்தருடைய சந்நிதியிலிருந்து புறப்பட்டு வந்தது. ஆனால் வந்த அக்கினியைக் காப்பது ஆசாரியனின் வேலை. காலைதோறும் அவன் விறகு போட வேண்டும். அதற்கும் முன்னால், இரவெல்லாம் எரிந்து சேர்ந்த சாம்பலை அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். மேடையில் அற்புதம் நடக்கிற நாளில் மட்டுமல்ல, ஒன்றுமே நடக்காத நாளிலும் இது நடந்தாக வேண்டும். நம்மில் பலர் அக்கினி மறுபடியும் வானத்திலிருந்து விழட்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் ஓடுகிறோம். விறகு போடுவதை விட்டு எவ்வளவு நாளாயிற்று என்று பார்ப்பதில்லை.

விறகு என்று நான் சொல்வது வேத வாசிப்பும் ஜெபமும்தான். புதிதாக எதுவும் இல்லை. பிரசங்கம் தயாரிக்க வாசிப்பதையும், பிறருக்கு அனுப்ப ஒரு வசனம் தேடுவதையும் நான் இதில் சேர்க்கமாட்டேன். யாருக்கும் சொல்லப்போவதில்லை என்ற நிலையில், ஆண்டவர் என்னோடு பேச வேண்டும் என்பதற்காக மட்டும் வாசிப்பது வேறு. ஊழியத்தில் இருப்பவர்களுக்கே இது முதலில் வற்றிப்போகிறது. சுவிசேஷம் சொல்வது பாரமாகத் தெரிய ஆரம்பித்தால், முதலில் இங்கே பாருங்கள். நமக்கே சுவையில்லாமல் போனவரைப் பற்றி மற்றவரிடம் எத்தனை நாள் பேச முடியும்?

சாம்பல் என்பது நேற்று எரிந்ததின் மிச்சம். “நான் ஒரு காலத்தில் எப்படி ஊழியம் செய்தேன் தெரியுமா” என்கிற பழைய சாட்சி, அறிக்கையிடாத பாவம், மன்னிக்காமல் வைத்திருக்கிற ஒரு சபைச் சண்டை, இப்படி எதுவாகவும் இருக்கலாம். எபேசு சபைக்கு ஆண்டவர் சொன்னதைக் கவனியுங்கள். ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய் என்று குறை சொன்னவர், அந்தப் பழைய உணர்ச்சியைத் திரும்ப வரவழைத்துக்கொள் என்று சொல்லவில்லை. எந்த நிலையிலிருந்து விழுந்தாய் என்று நினை, மனந்திரும்பு, ஆதியில் செய்த கிரியைகளைச் செய் என்கிறார். உணர்ச்சி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல். முதல் நாட்களில் என்ன செய்தீர்களோ, அதை இன்று மாலையே செய்யலாம்.

லேவியராகமம் 10ஆம் அதிகாரத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஆரோனின் குமாரர்களான நாதாப், அபியூ இருவரும் அந்நிய அக்கினியைக் கொண்டுவந்தார்கள். எல்லா வைராக்கியமும் தேவன் தந்ததல்ல. இயேசுவை ஏற்றுக்கொள்ளாத சமாரியக் கிராமத்தின் மேல் வானத்திலிருந்து அக்கினி இறங்கட்டுமா என்று யாக்கோபும் யோவானும் கேட்டபோது, ஆண்டவர் அவர்களைத்தான் அதட்டினார். விவாதத்தில் ஜெயிக்க வேண்டும், எதிராளி வாயடைக்க வேண்டும் என்ற சூடு பார்வைக்கு அனல் போலவே இருக்கும். அது ஆத்தும பாரம் அல்ல. இணையத்தில் பிற மதத்தவரைப் பரியாசம் பண்ணுவதைச் சுவிசேஷ வைராக்கியம் என்று நினைக்கிற இளைஞர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

சரி, சமரசம் என்கிற விஷயத்துக்கு வருகிறேன். எதில் வளையக் கூடாது, எதில் வளையலாம் என்று தெரியாமல்தான் பலர் குழம்புகிறார்கள். பவுலைப் பாருங்கள். தன்னோடு ஊழியம் செய்தவர்களில் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் பண்ணினார், தீத்துவுக்குப் பண்ண மறுத்தார். தீமோத்தேயுவின் காரியத்தில் இரட்சிப்பு கேள்விக்குள்ளாகவில்லை. யூதர்கள் நடுவே ஊழியம் செய்யப்போகிறவனுக்கு ஒரு தடை நீங்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். தீத்துவின் காரியத்தில், கிறிஸ்துவை விசுவாசித்தால் மட்டும் போதாது என்ற போதகமே உள்ளே நுழையப் பார்த்தது. அங்கே ஒரு நாழிகைகூட இணங்கவில்லை என்று கலாத்தியருக்கு எழுதுகிறார். ஆக, என் பழக்கம், என் வசதி, என் உரிமை, என் பேச்சு நடை, இவை எல்லாவற்றிலும் நான் இறங்கிப் போகலாம். கிறிஸ்து யார், அவர் சிலுவையில் என்ன செய்தார், அவரை விசுவாசிக்கிறவன் எப்படி நீதிமானாகிறான் என்பதில் இறங்க எனக்கு அதிகாரமே இல்லை. அந்தச் செய்தி என்னுடையதல்ல.

சமரசம் பெரும்பாலும் கோட்பாட்டு வழியாக வருவதில்லை, பந்தி வழியாக வருகிறது. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதி விசுவாசிகளோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து மெல்ல விலகினார். அவருடைய உபதேசம் மாறவில்லை. யார் பக்கத்தில் உட்காருகிறார் என்பதுதான் மாறியது. பர்னபாகூட அதில் இழுபட்டுப்போனார். நமக்கும் அப்படித்தான். சக ஊழியர்கள் ஒரு பொய்க் கணக்கில் கையெழுத்துக் கேட்கும்போது, அசிங்கமான பேச்சுக்கு எல்லோரோடும் சேர்ந்து சிரிக்கும்போது, “நீங்கள் கிறிஸ்தவரா?” என்ற கேள்விக்குப் பேச்சை மாற்றும்போது, இப்படிச் சின்ன இடங்களில்தான் விழுகிறோம். “அனுசரித்துப் போ” என்று உங்களிடம் சொன்னவர்கள் இவற்றில் எதை மனதில் வைத்துச் சொன்னார்கள் என்று கேளுங்கள். உங்கள் முரட்டுத்தனத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் நேர்மையைக் குறைக்கச் சொல்லியிருந்தால் கேட்காதீர்கள்.

உறுதியும் பணிவும் ஒன்றுக்கொன்று எதிரி என்று யாரோ நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். தானியேல் ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்துவதில்லை என்று இருதயத்தில் தீர்மானித்தான். ஆனால் அதிகாரியிடம் சண்டைக்குப் போகவில்லை. பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று வேண்டிக்கொண்டான். பிற்காலத்தில், ராஜாவைத் தவிர வேறு யாரிடமும் விண்ணப்பம் பண்ணக் கூடாது என்று சட்டம் வந்தபோது, அவன் புதிதாக ஒரு ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. “தான் முன் செய்துவந்தபடியே” தினம் மூன்று வேளை முழங்கால்படியிட்டான் என்று எழுதியிருக்கிறது. சிங்கக்கெபியில் நின்ற தைரியம் அந்த அறையின் வழக்கத்தில் ஏற்கெனவே உருவாகியிருந்தது.

இதற்கு வேதத்துக்கு வெளியேயும் ஒரு சாட்சி உண்டு. 2ஆம் நூற்றாண்டில் சிமிர்னா சபையின் கண்காணியாக (பிஷப்பாக) இருந்த பொலிகார்ப்பின் இரத்தசாட்சி மரணத்தைப் பற்றி அந்தச் சபையாரே ஒரு கடிதம் எழுதினார்கள். அதில் குயிந்து என்ற ஒருவனும் வருகிறான். தானாகவே முன்வந்து பிடிபட்டவன் அவன். மற்றவர்களையும் அப்படி வரச் சொல்லித் தூண்டினான். விசுவாசிகளைக் கொல்ல வைத்திருந்த மிருகங்களைக் கண்டதும் பயந்து மறுதலித்துப் பலியிட்டுவிட்டான். பொலிகார்ப்போ சபையார் கேட்டுக்கொண்டபடி ஊருக்கு வெளியே ஒதுங்கிப் போய், இரவும் பகலும் ஜெபித்துக்கொண்டிருந்தார். பிடிக்க வந்தவர்களுக்குச் சாப்பாடு போடச் சொன்னார். ஜெபிக்க ஒரு மணி நேரம் கேட்டு இரண்டு மணி நேரம் ஜெபித்தார். கிறிஸ்துவைத் தூஷிக்கச் சொன்னபோதுதான், 86 வருஷம் அவருக்கு ஊழியம் செய்தேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை, என் ராஜாவை எப்படித் தூஷிப்பேன் என்றார். முதலில் துள்ளியவனை வைத்து வைராக்கியத்தை அளக்காதீர்கள்.

சுவிசேஷம் சொல்வதைப் பற்றி. உங்களுக்குப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பவுலும் பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும்தான் கொரிந்துவில் இருந்தார். தைரியமாய்ப் பேசும்படி எனக்காக ஜெபியுங்கள் என்று எபேசியரிடம் கேட்டார். பயம் இருக்கும்போதே பேசுவதற்குப் பெயர்தான் தைரியம் என்று நான் நினைக்கிறேன். நான் செய்வது இதுதான்: சிலருடைய பெயர்களை வைத்துக்கொண்டு தினமும் பெயர் சொல்லி ஜெபிக்கிறேன். அவர்களோடு பழகுகிறேன், கஷ்டத்தில் கூட நிற்கிறேன், நிறையக் கேட்கிறேன். சந்தர்ப்பம் வரும்போது மறைக்காமல் சொல்கிறேன். கைப்பிரதி கொடுப்பதையும் வீதியில் பிரசங்கிப்பதையும் நான் குறைவாக நினைக்கவில்லை. அதற்கென்று அழைக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் முகம் தெரியாத ஆயிரம் பேருக்குச் சொல்லிவிட்டு, பக்கத்து மேஜையில் இருப்பவருக்கு வருஷக்கணக்காகச் சொல்லாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அவர் மறுத்தால்? மாற்கு 10ஆம் அதிகாரத்தில் வரும் அந்த ஐசுவரியவானை நினைத்துக்கொள்ளுங்கள். இயேசு அவனைப் பார்த்து அவனிடத்தில் அன்புகூர்ந்தார் என்று இருக்கிறது. அதே மூச்சில், உனக்கு உண்டானவைகளை விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்கிறார். அவன் துக்கத்தோடு போய்விட்டான். ஆண்டவர் பின்னால் ஓடி, பாதியைக் கொடுத்தால் போதும் என்று சொல்லவில்லை. அவனைத் திட்டவும் இல்லை. யாரையும் வற்புறுத்தியோ, உதவியைக் காட்டி ஆசைப்படுத்தியோ, பயமுறுத்தியோ இழுக்க நமக்கு அனுமதி இல்லை. மறுத்தவர் மறுத்த பிறகும் உங்கள் நண்பராகவே இருக்கட்டும்.

சில சமயம் அனல் குறைந்ததாகத் தோன்றுவது வெறும் களைப்பாகவும் இருக்கும். கர்மேலில் அக்கினியை இறக்கிய எலியா அடுத்த அதிகாரத்திலேயே சாகவேண்டும் என்று கேட்கிறான். தேவதூதன் அவனுக்கு உபதேசம் பண்ணவில்லை; எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி சாப்பிடச் சொன்னான். எரேமியா, வசனம் எலும்புகளில் அடைபட்ட அக்கினியாய் எரிகிறது என்று சொன்ன அதே 20ஆம் அதிகாரத்தில்தான் தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1813இல் பர்மாவுக்குப் போனார். முதல் ஞானஸ்நானம் கொடுத்தது 1819இல். பிறகு போர், சிறை. வெளியே வந்தபின் மனைவியையும் சின்ன மகளையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்தார். காட்டில் குடிசை போட்டுத் தனியே இருந்து, தனக்கென்று குழி வெட்டி அதன் அருகே உட்கார்ந்திருந்த காலமும் அவர் வாழ்வில் உண்டு. அந்த மனிதர்தான் 1834இல் பர்மிய வேதாகம மொழிபெயர்ப்பை முடித்தார். ஆகவே களைத்திருந்தால் தூங்குங்கள். அதைப் பின்மாற்றம் என்று எண்ணி உங்களைக் குத்திக்கொள்ளாதீர்கள்.

தனியாகவும் நிற்காதீர்கள். 1727இல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொரேவிய விசுவாசிகள் இரவும் பகலும் ஓயாத ஜெபத்தைத் தொடங்கினார்கள். அது நூறு வருஷத்துக்கு மேல் நீடித்தது. ஒருவரே ஓயாமல் ஜெபித்ததால் அல்ல; ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று பங்கிட்டுக்கொண்டதால். 1732இல் அவர்களுடைய முதல் மிஷனரிகள் கரீபியனில் அடிமைகளாக இருந்தவர்களிடம் சுவிசேஷத்தோடு புறப்பட்டது அந்த ஜெபத்திலிருந்துதான். உங்களைத் தட்டிக் கேட்க உரிமையுள்ள ஒன்றிரண்டு பேராவது உங்களுக்கு இருக்க வேண்டும். “இந்த வாரம் வாசித்தாயா? அந்தக் கையெழுத்தைப் போட்டாயா?” என்று நேராகக் கேட்கிறவர்கள்.

கடைசியாக வீட்டாரைப் பற்றி. அங்கேதான் நமக்கு மிக அதிகம் வலிக்கிறது என்பது எனக்குத் தெரியும். வீட்டில் பிரசங்கத்தைக் குறைத்து, வேலைகளில் தோள் கொடுங்கள். கோபப்பட்டுவிட்டால் போய் மன்னிப்புக் கேளுங்கள். ஜெபத்தை மட்டும் நிறுத்தாதீர்கள். இயேசுவின் சொந்தச் சகோதரர்களே அவரை விசுவாசிக்கவில்லை என்று யோவான் 7இல் இருக்கிறது. எத்தனையோ வருஷம் ஒரே வீட்டில் அவரோடு இருந்தவர்கள். அப்போஸ்தலர் 1ஆம் அதிகாரத்தில் அதே சகோதரர்கள் மேல்வீட்டில் மற்றவர்களோடு ஜெபத்தில் தரித்திருக்கிறார்கள். உயிர்த்தெழுந்த பிறகு இயேசு அந்தச் சகோதரர்களில் ஒருவரான யாக்கோபுக்குத் தனியாகத் தரிசனமானார் என்று பவுல் எழுதுகிறார். அந்த யாக்கோபு பிறகு எருசலேம் சபைக்குத் தூணாக நின்றார்.