இரவில் படகை எங்கே நிறுத்துவார்கள்?

கேள்வி: விசைப்படகில் தொழிலுக்குச் செல்லும் என் தம்பி, வரும் ஜனவரியில் அந்தமானிலிருந்து தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குப் பாய்மரப் படகில் உதவியாளாகப் போகவிருக்கிறான். எத்தனை நாள் ஆகும்? இரவில் எங்கே நிறுத்துவார்கள்?
- வாசகி, காசிமேடு

பதில்: எங்கும் நிறுத்த மாட்டார்கள். அந்தமான் கடலின் நடுப்பகுதி ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஆழமுள்ளது என்பதால் நங்கூரம் தரையைத் தொடாது. போர்ட் பிளேரிலிருந்து புக்கெட் ஏறத்தாழ 400 கடல் மைல். மணிக்கு 5 கடல் மைல் வேகம் நிலைத்தால் 80 மணி நேரம், அதாவது மூன்று பகல் மூன்று இரவுக்குச் சற்று மேல் ஆகும். உங்கள் தம்பிக்கு நன்கு பழகிய வாடைக்காற்று அப்போது வடகிழக்கிலிருந்து வீசுவதால், தென்கிழக்கே செல்லும் படகுக்கு அது இடப்பக்கத்தில் விழும். பாய்க்கு இதைவிட வாய்ப்பான காற்று கிடைப்பது அரிது. இரவில் மூன்று மணி நேரத்துக்கு ஒருவர் என முறை வைத்து விழித்திருப்பார்கள். அடிவானத்தில் பொட்டு வெளிச்சமாகத் தெரியும் சரக்குக் கப்பல் கால் மணி நேரத்தில் பக்கத்தில் வந்து நிற்கும் என்பதால், அந்த முறையில் கண்ணயரவே கூடாது. மேல்தளத்துக்கு வரும்போதெல்லாம் மார்பில் அணியும் பாதுகாப்புக் கச்சையைப் படகின் பாதுகாப்புக் கயிற்றில் மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். வலையிழுத்துப் பழகியவர்கள்தான் இதில் அலட்சியம் காட்டுவார்கள். புக்கெட்டை இருட்டில் எட்டினால், விடியும்வரை கரைக்கு வெளியே காத்திருப்பதே முறை.