கிளாத்தி மீனை வீட்டுத் தொட்டியில் வளர்ப்பது: கேள்வி பதில்

கேள்வி: கடையில் 3 அங்குல கிளவுன் டிரிகர் (கிளாத்தியில் ஒரு வகை) பார்த்தேன். என்னிடம் 4 அடி உப்புநீர்த் தொட்டி இருக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 250 லிட்டர்தான் பிடிக்கும். கறுப்பு உடம்பில் வெள்ளை வட்டம் போட்ட அந்தக் குட்டி கடலில் அரை மீட்டர் வரை வளரும். குட்டியைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், வளர்ந்த மீனை மனதில் வைத்து வாங்குங்கள். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம், அதாவது 680 லிட்டர் தொட்டி இருந்தால் பேசலாம்.

கேள்வி: புதிதாக விட்ட பிக்காசோ டிரிகர் ராத்திரி பாறை இடுக்கில் சாய்ந்து கிடக்கிறது. செத்துவிட்டதா? இழுத்தாலும் வரவில்லை.

இழுத்தீர்களா! அது தூங்குகிறது ஐயா. முதுகின் முதல் முள்ளை நிமிர்த்தும், இரண்டாவது முள் அடியில் ஆப்பு மாதிரி வந்து பூட்டிக்கொள்ளும். அந்த இரண்டாவது முள்ளை அழுத்தினால்தான் முதலாவது மடங்கும். துப்பாக்கி விசை போல வேலை செய்வதால்தான் டிரிகர் என்று பெயர். நம் கடற்கரையில் கிளாத்தி என்பார்கள். இடுக்கில் பூட்டிக்கொண்டதை நீங்கள் இழுத்தால் முள் முறியும், பூட்டு திறக்காது.

வலையும் போடாதீர்கள். ஒருமுறை தொட்டி மாற்றும்போது என் நைஜர் டிரிகரை வலையில் அள்ளினேன். முள் வலைக்கண்ணில் சிக்கியது. மீன் 'குர்ர் குர்ர்' என்று முனக, நகம் வெட்டும் கத்தரியால் ஒவ்வொரு கண்ணாக வெட்டி எடுத்தேன். அதற்குப் பிறகு எப்போதும் பிளாஸ்டிக் டப்பாதான்.

கேள்வி: டிரிகரை நீமோவோடு (ஆரஞ்சு-வெள்ளைக் கோமாளி மீன்) விடலாமா? (இதையே மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்)

மூவருக்கும் ஒரே பதில்: எந்த டிரிகர் என்று முதலில் சொல்லுங்கள். அண்டுலேட்டட் டிரிகர் வகை என்றால் யாரோடும் வேண்டாம், தனியறைதான்.

கேள்வி: பவளம், இறால் உள்ள தொட்டிக்கு ஏற்ற டிரிகரே கிடையாதா?

உண்டு. புளூத்ரோட், கிராஸ்ஹேட்ச் இரண்டும் நீரில் மிதக்கும் சிற்றுயிர்களைத் தின்பவை. பாறையைப் புரட்டிப் போடும் ஜாதி இல்லை. புளூத்ரோட்டில் ஆணுக்குத்தான் தாடையடியில் நீலம் இருக்கும். அப்போதும் இறாலை முதலில் விட்டு, மீனைப் பிறகு விடுங்கள். பிக்காசோ, கிளவுன் வகையறா நண்டு, நத்தை, இறாலை உடைத்துத் தின்னவே பிறந்தவை.

மறுப்பு: தவறான தகவல். என் பிக்காசோ இரண்டு வருடமாக கிளீனர் இறாலோடு சமாதானமாக இருக்கிறது.

மகிழ்ச்சி. அது சமாதானம் இல்லை, இன்னும் பசிக்கவில்லை, அவ்வளவுதான். இறால் சட்டை உரிக்கும் இரவில் உடம்பு மெத்தென்று இருக்கும். அன்றைக்குப் பாருங்கள்.

மீண்டும் அவரே: மீனுக்கு மீன் குணம் மாறும். நன்றாகத் தீனி போட்டால் தொடாது. உங்கள் அனுபவத்தைச் சட்டமாக்காதீர்கள்.

குணம் மாறும் என்பதை ஒப்புக்கொள்கிறேன், சாதுவான பிக்காசோவும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு மீன் நல்ல பிள்ளையாக இருந்தது என்பதற்காக, புதிதாக வருபவரை 'விடலாம்' என்று நான் தைரியப்படுத்த மாட்டேன். இன்று காலை அந்த இறாலைப் பார்த்தீர்களா?

மீண்டும் அவரே: ...காலையில் ஓடு மட்டும் கிடந்தது. பாறைக்குள் ஒளிந்திருக்கும்.

இருக்கலாம். உரித்த ஓடு ஒளி ஊடுருவும்படி முழுசாக இருக்கும். கடித்துத் துப்பியது துண்டு துண்டாகக் கிடக்கும். எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: ராமநாதபுரம் பக்கம் பவளக் கல் மலிவாகக் கிடைக்கும் என்கிறார்கள். லைவ் ராக்காக (நீரைச் சுத்தம் செய்யும் பாக்டீரியா குடியிருக்கும் கல்) போடலாமா?

கூடாது. பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு உள்ள அதே அட்டவணை. செத்த பவளமும் சேர்த்திதான். செயற்கைக் கல் போடுங்கள், பாக்டீரியா அதிலும் குடியேறும். நாலைந்து வாரம் பொறுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: என்ன தீனி போடுவது?

ஓட்டோடு இறால், மட்டி, கணவாய். பல் வளர்ந்துகொண்டே இருக்கும், கடித்து உடைக்க ஏதாவது வேண்டும். இல்லாவிட்டால் ஹீட்டர் ஒயரைக் கடிக்கும்.

கேள்வி: உடம்பில் வெள்ளைப் புள்ளி. செம்பு மருந்தைத் தொட்டியில் ஊற்றலாமா?

தனித் தொட்டியில் மட்டும். பெரிய தொட்டியில் ஊற்றினால் இறால், நத்தை, பவளம் எல்லாம் போய்விடும்.

கேள்வி: நாலரை அடி தொட்டியில் கிளவுன் டிரிகர்?

முதல் பதில். அரை அடிக்கு மேலும் கீழும் அதுவேதான்.