காட்டுப்பன்றிக்குத் தனி ஊசியா?

கேள்வி: கூடலூர் பக்கம் பன்றி வளர்க்கிறேன். எல்லையோரக் காட்டில் காட்டுப்பன்றிகள் செத்துக் கிடக்கின்றன. “அது வேறு ரக வைரஸ், வழக்கமான ஊசி கேட்காது, தனி ஊசி இருக்கிறது” என்கிறார் ஒரு மருந்து ஏஜென்ட். வாங்கலாமா?

பதில்: வேண்டாம்.

பன்றிக் காய்ச்சலில் இரண்டு உண்டு. பழைய பன்றிக் காய்ச்சல் வைரஸில் 1.1, 2.1, 2.2 என்று பல மரபணு வகைகள் நம் நாட்டிலேயே இருக்கின்றன. நோய் எங்கிருந்து வந்தது என்று தேட அந்த எண்கள் உதவும், அவ்வளவுதான். எந்த வகைக்கும் அதே தடுப்பூசிதான்.

மற்றது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். பெயர்தான் ஒன்று, வைரஸ் முற்றிலும் வேறு. ஆப்பிரிக்காவில் இதற்கு இருபதுக்கும் மேற்பட்ட மரபணு வகைகள். 2007-இல் ஜார்ஜியா நாட்டில் இறங்கிய இரண்டாம் வகைதான் சீனா வழியாகப் பரவி, 2020-இல் அசாமுக்கும் 2022-இல் வயநாட்டுக்கும் வந்தது. 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்ததும் இந்த நோயால்தான். இதற்கு இந்தியாவில் அனுமதி பெற்ற தடுப்பூசி கிடையாது. “வெளிநாட்டுச் சரக்கு” என்று ஐஸ் பெட்டிகூட இல்லாமல் பையில் கொண்டுவருபவரிடம் பில் கேட்டுப் பாருங்கள், அப்புறம் அந்தப் பக்கமே வரமாட்டார்.

பழைய காய்ச்சலுக்கான ஊசியை அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போடுங்கள். குட்டிகள் விஷயத்தில் மட்டும் அவசரம் கூடாது. தாய்க்கு ஊசி போட்டிருந்தால் சீம்பால் வழியாகக் குட்டிக்கு எதிர்ப்புச் சக்தி வந்திருக்கும். அது உடம்பில் இருக்கும்போது போட்டால் ஊசி வீண். ‘போட்டாச்சு’ என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள், மூன்றாம் மாதத்தில் குட்டி சாகும். தாய்க்கு எப்போது போட்டது என்று சுவரிலாவது எழுதி வையுங்கள். தேதியைப் பார்த்து டாக்டர் நாள் சொல்வார், பெரும்பாலும் குட்டி பிறந்து இரண்டு மூன்று மாதம் கழித்து.

காது, வயிறு சிவந்து கடும் காய்ச்சலோடு படுத்தால் இரண்டில் எது என்று கண்ணால் சொல்ல எனக்கும் முடியாது. மாதிரி போபாலில் உள்ள தேசிய விலங்கு நோய் ஆய்வகம் போய் முடிவு வரவேண்டும். அதற்குள் பாதி விலைக்குக் கேட்டு இறைச்சி வியாபாரி வந்து நிற்பார். அதுதான் என் கோபம்: காகிதம் நடக்கிறது, வியாபாரி பைக்கில் வருகிறார். விற்றுவிடாதீர்கள். அந்த இறைச்சி போகும் ஊரெல்லாம் நோயும் போகும். நோய் பற்றித் தகவல் சொல்வது 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி உங்கள் கடமை.

ஓட்டல் எச்சில் சோற்றை அரை மணி நேரம் கொதிக்கவிட்டுப் போடுங்கள். காட்டில் செத்ததைத் தொட்ட செருப்போடு கொட்டிலுக்குள் நுழையாதீர்கள். வனத்துறைக்குப் போன் போட்டு, அவர்கள் வரும்வரை நாய்களைக் கட்டி வையுங்கள்.