மீட்டருக்கு 30 பைசா
(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: நானும் என் வீட்டுக்காரரும் தறி ஓட்டுகிறோம். மகள் கல்யாணத்துக்காகப் பட்டறை முதலாளியிடம் 75,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கினோம். வட்டி கிடையாது. இருவரும் சேர்ந்து வாரம் 2,400 மீட்டர் நெய்கிறோம். பக்கத்துப் பட்டறையில் மீட்டருக்கு 30 பைசா கூடுதலாகக் கொடுக்கிறார்கள். போகலாம் என்றால், பாக்கியை முழுதாக எண்ணி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்கிறார். பிளஸ் டூ முடித்த மகனையும் தறிக்கு அனுப்பச் சொல்கிறார். வட்டி வாங்காத மனிதரைப் பகைத்துக்கொள்ள மனம் வரவில்லை. என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, பள்ளிபாளையம்

பதில்: அம்மணி, ‘வட்டி கிடையாது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. வட்டி இருக்கிறது. மீட்டரில் இருக்கிறது. 2,400 மீட்டருக்கு 30 பைசா வீதம் வாரம் 720 ரூபாய். தீபாவளி, பொங்கலுக்குத் தறி நிற்கிற நாட்களைக் கழித்து 50 வாரம் என்று வைத்தாலும் வருடத்துக்கு 36,000. மாதம் 3,000. 75,000 ரூபாய்க்கு மாதம் 3,000 என்றால் நூற்றுக்கு 4 ரூபாய் வட்டி! அது உங்கள் கைக்கு வந்து போயிருந்தால் வலித்திருக்கும். கைக்கே வராததால் தெரியவில்லை.

உங்கள் முதலாளி கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமென்றால் முதலில் பணம் கொடுப்பவர் அவராகத்தான் இருப்பார். சம்பளச் சீட்டும் பி.எஃப்.பும் இல்லாத வீட்டை எந்த வங்கி திரும்பிப் பார்க்கிறது? பட்டறைக்காரர், மளிகைக் கடைப் பற்று நோட்டு, சீட்டுப் பிடிக்கிற அக்கா, இவர்களை நம்பித்தான் தறிக்கார வீடுகளில் அடுப்பு எரிகிறது. எங்கள் வீடும் அப்படிப் பிழைத்த வீடுதான்.

அப்பா குமாரபாளையத்தில் தறி ஓட்டினார், அம்மா தறிக்கான நூலைத் தாராகக் குச்சியில் சுற்றினாள். எங்கள் கணக்கு நோட்டு பட்டறையில், சாமி படத்துக்குக் கீழே மேஜை டிராயரில் இருக்கும். சனிக்கிழமை கூலி போடும்போது முதலாளி அதைப் பார்த்துப் படிப்பார், அப்பா தலையாட்டுவார். ஒரு தீபாவளிக்குப் பாக்கி 11,000 என்று படித்தார். அப்பாவின் நினைவில் இருந்ததோ 8,000. அந்த மூவாயிரத்தை எப்போது வாங்கினோம் என்று கேட்க எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை. அப்பா அன்றைக்கும் தலையாட்டிவிட்டு வந்தார். இரவு சாப்பிடவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து அம்மா நாள்காட்டியின் சனிக்கிழமைத் தாளைப் பத்திரமாகக் கிழித்து வைப்பாள். ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான் அதன் பின்பக்கத்தில் மீட்டர், கூலி, பிடித்தம் என்று எழுதுவேன். தாள்களைச் சுருட்டிக் காலியான நூல் கோன் ஒன்றுக்குள் செருகி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிடுவாள். மறு தீபாவளிக்கு அப்பா அந்தக் கோனைக் கையிலெடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். அந்த வருடம் நோட்டும் தாளும் ஒரு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போயின.

நீங்களும் இந்தச் சனிக்கிழமையே எழுதத் தொடங்குங்கள். இன்றைய தேதிக்குப் பாக்கி எவ்வளவு என்று முதலாளியிடம் கேட்டுக் கையெழுத்து வாங்குங்கள். வெற்று முத்திரைத்தாளிலும் நிரப்பாத புரோநோட்டிலும் நீங்கள் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். புதிய பட்டறைக்காரர் பாக்கியைக் கட்டி உங்களை எடுத்துக்கொள்ள முன்வந்தால் போங்கள். கூடவே பத்தாயிரம் தருகிறேன் என்பார். அதைத் தொடாதீர்கள். கூடுதலாக வரும் 720 ரூபாயை வாராவாரம் பாக்கியில் கழிக்கச் சொல்லுங்கள். இரண்டு வருடத்தில் மிஞ்சுவது 3,000 ரூபாய்தான்.

வாங்கிய கடனைக் கட்டத்தான் வேண்டும். ஆனால் அட்வான்ஸைக் காட்டி வேறு வேலைக்கே போகக் கூடாது என்று மறித்தால் அது கொத்தடிமை முறை. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் அப்படிப்பட்ட கடனையே ரத்து செய்கிறது. மிரட்டல் வந்தால் திருச்செங்கோடு கோட்டாட்சியரிடம் மனுக் கொடுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு; 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். விசைத்தறித் தொழிலாளர்களுக்கு நலவாரியமும் இருக்கிறது. 60 வயதுக்குள் இருவரும் பதிந்துகொள்ளுங்கள்.

மகனைப் பட்டறை வாசலில்கூட நிற்க விடாதீர்கள். இதில் நான் இரண்டாவது யோசனை சொல்ல மாட்டேன். ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், மேல்படிப்புக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். 2024 ஆகஸ்டில் நம் கோவையில்தான் தொடங்கி வைத்தார்கள். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக்குக்கும் உண்டு. 2025 ஜூலையில் உங்கள் ஊர் விசைத்தறித் தொழிலாளர்களிடம் தரகர்கள் கிட்னி வாங்கிய செய்தி வந்து, அரசு விசாரணைக்கு உத்தரவிட்டதே, மறந்திருக்க மாட்டீர்கள். கடன்பட்ட வீடு எது என்று பார்த்துத்தான் அந்தத் தரகர்கள் கதவைத் தட்டினார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று என் அப்பாவின் வயிற்றுப் பசி நினைவுக்கு வந்து அழுதேன். அடுத்த தலைமுறையின் பெயரும் அந்த நோட்டில் ஏற வேண்டாம், அம்மணி.

கேள்வி: ஈரோட்டில் சாலையோரம் துணி விற்கிறேன். தண்டல்காரர் 10,000 என்று சொல்லி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கொடுக்கிறார். வாரம் 1,000 வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். நூற்றுக்கு 15 ரூபாய்தானே, பரவாயில்லையா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: பரவாயில்லை என்று சொல்ல முடியாது, தம்பி. முதல் வாரமே திருப்பிக் கட்டத் தொடங்கிவிடுகிறீர்கள். 8,500 முழுதாக உங்கள் கையில் ஒரு வாரம்தான் இருக்கிறது. குறைந்துகொண்டே வரும் பாக்கிக்குக் கணக்குப் போட்டால், நூற்றுக்கு மாதம் ஏறக்குறைய 13 ரூபாய் வட்டி விழுகிறது. தண்டல், மீட்டர் வட்டி, கந்துவட்டி எல்லாவற்றையும் 2003-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறது; மூன்று வருடம் வரை சிறை உண்டு. சாலையோர வியாபாரிகளுக்கு பி.எம். ஸ்வநிதி திட்டத்தில் வங்கிகள் ஈடில்லாமல் முதல் தவணையாக 15,000 ரூபாய் வரை கடன் தருகின்றன. ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம் கணக்குக்குத் திரும்பி வரும். மாநகராட்சி கொடுத்த வியாபாரி அடையாள அட்டை இருந்தால் அதோடு வங்கிக்குப் போங்கள். இல்லையென்றால் மாநகராட்சியில் பரிந்துரைக் கடிதத்துக்கு இந்த வாரமே எழுதிக் கொடுங்கள்.